காலி இடத்தில் மைனஸ் பதினெட்டு

“ஒரே ஃபைல்தான் மேடம். காப்பி பண்ணி டபுள் கிளிக் பண்ணா போதும்.”

இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. ஓய்வு பெற்றாகிவிட்டது. விம்கோ நகர் வீட்டில் பால்கனியில் உட்கார்ந்து நிம்மதியாகக் காப்பி குடிக்க வேண்டிய வயது. போன வாரம் உங்களில் ஒருவர் போன் செய்து அதே வாக்கியத்தை அதே பெருமையோடு சொன்னார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவர் இன்னும் என்னவெல்லாம் சொன்னார் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

நம் கம்ப்யூட்டர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக உங்கள் அனுபவத்தைக் குரூப்பில் எழுதுங்கள் மேடம் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். நான் எழுதினால் திட்டுவது போலத்தான் இருக்கும் என்று அப்போதே சொன்னேன். பரவாயில்லை என்றீர்கள். இப்போது அனுபவியுங்கள்.

நம் யார்டு உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நேற்றுச் சேர்ந்தவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகும் சாலையில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் டிரெய்லர் வரிசை. துறைமுகத்துக்குப் போக வேண்டிய கன்டெய்னர்கள் இங்கே வந்து காத்திருக்கின்றன. அவற்றில் ரீஃபர் என்று ஒரு ஜாதி உண்டு. கன்டெய்னர் அளவுக்கு ஒரு ஃபிரிட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மீன், இறால், கறி என்று எதுவாகவும் இருக்கலாம், உறைந்த சரக்கென்றால் மைனஸ் பதினெட்டு டிகிரியில் இருக்க வேண்டும். கொண்டுவந்து இறக்கியதும் ஏ, பி, சி என்று வரிசையாக நிற்கும் மின்கம்பங்களில் பிளக் போட வேண்டும். பிளக் போனால் குளிர் போகும், குளிர் போனால் சரக்கு போகும். இதில் புரியாதது ஒன்றுமில்லை.

அந்தக் காலத்தில் ஆள் ஒருவர் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும் இருக்கும் சின்ன டிஸ்ப்ளேயைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருவார். பிறகு நிர்வாகத்துக்கு ஆசை வந்தது. எல்லா எண்ணும் ஒரே திரையில் தெரிய வேண்டும், ஏதாவது பெட்டி சூடானால் அலாரம் அடிக்க வேண்டும். சரி, நல்ல ஆசைதான். எங்கள் பிரிவில் இருந்த தினேஷ் அதை எழுதினான். மாத்தூர் பையன், கெட்டிக்காரன், இன்று பெரிய கம்பெனியில் இருக்கிறான். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சர்வர். கம்பங்களிலிருந்து வரும் வெப்பநிலையை வாங்கி, பிளக் இடத்துக்கு ஒரு கட்டம் என்று திரையில் காட்டும். சரியாக இருந்தால் பச்சை, சூடானால் சிவப்பு, இடம் காலியாக இருந்தால் சாம்பல். எந்த கன்டெய்னர் எங்கே நிற்கிறது என்பது வேறு புரோகிராமின் வேலை. இதில் இடத்தின் எண்ணும் குளிரின் எண்ணும் மட்டும்தான்.

எழுதியது சரி, அதை ஏற்றுவதுதான் தலைவலி. நம் சர்வர் அறை மெஷினுக்கு இன்டர்நெட் கிடையாது, அது பாதுகாப்பு விதி. ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராமோ தனியாக வராது. அதை ஓட்ட ஒரு என்ஜின் வேண்டும், கூடவே ஒரு கல்யாண வீட்டு உறவுக்கூட்டம் போல எண்ணிலடங்காத குட்டிக் குட்டித் துணைத் துண்டுகள் வேண்டும். அவற்றைப் பென்டிரைவில் போட்டுக் காப்பி செய்ய ஆரம்பித்தால் நாம் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். ஓடி முடித்ததும் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும், அல்லது என்ஜினின் பதிப்பு வேறாக இருக்கும். “என் மெஷின்ல ஓடுதே மேடம்” என்பான் தினேஷ். உன் மெஷினையே பிடுங்கி இங்கே வைத்துவிடட்டுமா என்று ஒரு தடவை கேட்டே விட்டேன்.

அதனால்தான் அவன் என்ஜின், துண்டுகள், திரையில் வரும் பக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி தானே ஓடும் ஒரே எக்ஸி ஃபைலாக ஆக்கினான். டிபன் கேரியரைப் பூட்டிக் கையில் கொடுத்த மாதிரி. உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோஷம்தான். ஆன்டிவைரஸ் அதைப் பார்த்துப் பயந்து இரண்டு முறை பிடித்து உள்ளே போட்டது, அதற்குச் சொல்லி வெளியே எடுத்தோம். அதைத் தவிர ஒரு தொல்லையும் இல்லை.

மேனேஜரிடம் காட்டும் நாள் வந்தது. தினேஷ் பென்டிரைவை மேனேஜரின் லேப்டாப்பில் செருகி, ஃபைலை டெஸ்க்டாப்பில் போட்டு டபுள் கிளிக் செய்தான். பிரவுசர் திறந்தது. கட்டம் கட்டமாகப் பச்சை. மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு புள்ளி இரண்டு என்று எண்கள் அழகாகத் துடித்துக்கொண்டிருந்தன. மேனேஜர் கை தட்டினார். அறையில் எல்லாரும் தட்டினார்கள். கதவருகே நின்றிருந்த மாரியும் தட்டினார்.

மாரி ரீஃபர் வரிசையின் சூப்பர்வைசர். காசிமேட்டுக்காரர், குடும்பமே கடலுக்குப் போகும் குடும்பம், இவர் மட்டும் தரைக்கு வந்தவர். யார்டு நடுவில் தகரக் கூரை போட்ட கேபின் அவருடைய ராஜ்ஜியம். ஒரு பெட்டி சூடானால் அவருடைய திரையில்தான் அலாரம் அடிக்கும், அவர்தான் ஓட வேண்டும்.

அன்று கை தட்டிய யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மேனேஜரின் லேப்டாப்புக்கும் யார்டில் இருக்கும் கம்பங்களுக்கும் நடுவில் ஒரு ஒயரும் இல்லையே, பிறகு இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன?

கூட்டம் கலைந்ததும் தினேஷிடம் கேட்டேன்.

“டெமோ மேடம். பக்கத்துல கான்ஃபிக் ஃபைல் இருந்தா அதைப் படிச்சு நிஜக் கம்பத்தோட பேசும். இல்லைன்னா எக்ஸிக்குள்ள வச்சிருக்கிற டெமோவை எடுத்துக்கும்.”

“இல்லைன்னா நிக்க வேண்டியதுதானே?”

“கிராஷ் ஆனா அசிங்கமா இருக்கும் மேடம்.”

“நிஜமா ஓட விடறதுக்கு முன்னாடி அதை எடுத்துடு.”

“எடுத்துடறேன் மேடம்.”

எடுக்கவில்லை. சர்வர் அறை மெஷினில் எக்ஸிக்குப் பக்கத்திலேயே கான்ஃபிக் ஃபைல், அதாவது எந்தக் கம்பம் எந்த முகவரியில் என்று எழுதிய சின்ன ஃபைல், இருந்ததால் டெமோ தலைகாட்டவே இல்லை, அதனால் அப்படி ஒன்று இருப்பதே எல்லாருக்கும் மறந்துபோனது.

இப்போது மாரியின் பக்கத்துக்கு வாருங்கள், ஏனென்றால் எல்லாரும் பிறகு அவரைத்தான் திட்டினார்கள். சர்வர் அறையிலிருந்து அவர் கேபினுக்கு ஒரு கேபிள் போகிறது. கடல்காற்றில் அதன் முனைகள் உப்புப் பூத்துப்போகும். அது போதாதென்று டிரெய்லர்கள் அதன் குழாய் மேலேயே ஏறி இறங்கும். நாளுக்கு நாலு தடவை அவர் திரை உறைந்து நிற்கும். அவரும் போன் செய்து செய்து அலுத்துவிட்டார். “லைன் செத்துப் போச்சு மேடம்” என்பார். அதற்குப் பதில் கண்ணாடி இழை ஃபைபர் கேபிள் போட வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தது மேலே எங்கோ கையெழுத்துக்காகத் தூங்கிக்கொண்டிருந்தது. கேட்டால் அடுத்த வாரம் என்பார்கள். எந்த வருடத்து அடுத்த வாரம் என்று சொல்ல மாட்டார்கள்.

மாரி பார்த்தார். ஒரே ஃபைல், எங்கே போட்டாலும் ஓடும் என்று கண் எதிரே காட்டியிருக்கிறார்கள். சர்வர் அறையைச் சுத்தம் செய்யத் திறந்திருந்த ஒரு நாள் பென்டிரைவோடு வந்தார். அந்த ஒரு ஃபைலை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு போய்த் தன் கேபின் மெஷினில் போட்டு டபுள் கிளிக் செய்தார். ஓடியது. உறையவில்லை. பச்சைப் பசேல் என்று ஓடியது. அவர் என்னிடம் சொல்லவும் இல்லை. ஒரு தொல்லை குறைந்தது என்று தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார்.

இது நடந்தது விநாயகர் சதுர்த்திக்கு முன்னால். பிறகு புரட்டாசி வந்தது.

புரட்டாசியில் நம் ஊரில் பாதிப் பேர் மீன் தொட மாட்டார்கள். காசிமேட்டில் விலை இறங்கும். வெளிநாட்டுக்குப் புரட்டாசி கிடையாதே என்று கணக்குப் போட்டவர் சம்சுதீன் பாய். ராயபுரத்துக்காரர், இறால் வியாபாரி. அதுவரை பெரிய ஏற்றுமதிக்காரர்களுக்கு வாங்கிக் கொடுப்பவராகவே இருந்தவர், அந்த வருடம்தான் முதல் முறையாகத் தன் சொந்தப் பெயரில் ஒரு ரீஃபர் அனுப்புகிறார். அட்டைப்பெட்டிகளில் தன் மகளின் பெயரை அச்சிட்டிருந்தார். இந்தப் பெட்டி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அவர் ஏற்றுமதியாளர். கெட்டுப்போய்ச் சேர்ந்தால் அந்த வாங்குபவரிடம் மறுபடி வாய் திறக்க முடியாது. இது ரீஃபர் உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்தப் பெட்டி பி-ஏழாம் இடத்தில் நின்றது. சாயங்காலம் அது கப்பலுக்குப் போக வேண்டும்.

மதியம் மாரி போன் செய்தார்.

“மேடம், ஒரு பாய் வந்து பேஜார் பண்ணிக்கினு கீறாரு. பொட்டிய போட்டோ எடுக்கணும்னு ஏஜென்ட் பாஸ்ல வந்தாரு. எடுத்தாச்சு, கெளம்புன்னா கெளம்ப மாட்றாரு. கம்ப்யூட்டர் தப்புன்றாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கோ, அப்பதான் அடங்குவாரு.”

குடையை எடுத்துக்கொண்டு போனேன். புரட்டாசி வெயில் கன்டெய்னர் தகரத்தில் பட்டு முகத்தில் அடித்தது. கேபினில் மாரி கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரே வெள்ளைச் சட்டையெல்லாம் வியர்வையாக ஒரு மனிதர்.

“மேடம், நான் சண்டைக்கு வர்ல,” என்றார் பாய். “பக்கத்துப் பொட்டியில நம்பர் எரியுது. அந்தாண்ட பொட்டியிலயும் எரியுது. என்துல மட்டும் இருட்டா கீது. அதுக்கு இன்னா அர்த்தம்னு சொல்லிடுங்க, நான் பாட்டுக்குப் போய்க்கினே இருக்கேன்.”

“டிஸ்ப்ளே அவுட்டாயிருக்கும் பாய்,” என்றார் மாரி. “உப்புக்காத்துல எத்தினி பொட்டிக்கு அப்டி ஆவுது. தோ பாருங்க, பி-ஏழு. மைனஸ் பதினெட்டு. பச்சையா கீதா இல்லியா? மேடமே சொல்லட்டும்.”

மேடமும் திரையைப் பார்த்தாள். பி-ஏழு, பச்சை. சத்தத்தை வைத்தும் எதுவும் சொல்ல முடியாது. ரீஃபர் வரிசையில் அத்தனை பெட்டிகளும் சேர்ந்து இரைவதில் ஒன்று வாயை மூடிக்கொண்டால் காதுக்குத் தெரியாது. பாயிடம், கவலைப்படாதீர்கள், எண் சரியாகத்தான் வருகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு டிரெய்லர் கிளம்பியது. சி-இரண்டில் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது. சி-இரண்டின் பிளக் ஒயர் சுருட்டித் தரையில் கிடந்தது. நான் திரையைப் பார்த்தேன். சி-இரண்டு, பச்சை, மைனஸ் பதினெட்டு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மைனஸ் பதினெட்டு புள்ளி ஒன்று ஆனது.

“மாரி, சி-ரெண்டுல எந்தப் பெட்டி இருக்கு?”

“இப்பதான் மேடம் போச்சு. காலி.”

“அப்போ இந்த மைனஸ் பதினெட்டு யாரோடது?”

“அது... லேட்டா மாறும் மேடம்.”

அது எங்கள் கண் எதிரே இன்னொரு தரம் மாறியது, மைனஸ் பதினேழு புள்ளி ஒன்பது. காலியான தரை குளிர்ந்துகொண்டிருந்தது.

பிரவுசரின் மேலே முகவரியைப் பார்த்தேன். லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்தது. நம் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த மெஷின் சர்வர் அறையிடம் கேட்கவில்லை, தன்னிடமே கேட்டுத் தனக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. திரையைச் சிறிதாக்கினேன். டெஸ்க்டாப்பில் அந்த எக்ஸி ஃபைல் தனியாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கான்ஃபிக் ஃபைல் இல்லை.

“இதை எப்ப போட்டீங்க?”

“புள்ளையார் சதுர்த்திக்கு முன்னாடி மேடம். அதுலருந்து சோக்கா ஓடுது. ஒரு அலாரம்கூட அடிக்கல. நானும் யார்டு இப்பதான் ஒழுங்கா ஓடுதுன்னு நெனச்சேன்.”

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. யார் மேல் கோபப்படுவது என்பதே தெரியாத கோபம் அது. மாரியையும் பாயையும் இழுத்துக்கொண்டு பி-ஏழுக்கு ஓடினேன். அவ்வளவு தூரமும் இல்லை. டீ ஆறுவதற்குள் போய்விட்டு வந்துவிடலாம். கம்பத்தில் பிரேக்கர் சுவிட்ச் டிரிப் ஆகி விழுந்து கிடந்தது. மாரி அதைத் தூக்கிவிட்டதும் பெட்டி ஒரு உலுக்கு உலுக்கி இரையத் தொடங்கியது. டிஸ்ப்ளே எரிந்தது. மைனஸ் ஒன்பது.

பாய் அந்த எண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

மாரியின் ஆட்களை எல்லா வரிசைகளிலும் நடக்கவிட்டு ஒவ்வொரு பெட்டியையும் கண்ணால் பார்க்கச் சொன்னேன். மற்றவை தப்பித்திருந்தன. சர்வர் அறையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் உண்மையான திரை அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. பி-ஏழு காலையிலிருந்து சிவப்பாக மின்னிக்கொண்டிருக்கிறது. பூட்டிய அறையில், ஏசி குளிரில், யாருமில்லாத நாற்காலிக்கு. ஆபீசில் இருப்பவர்கள் கேபின் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தார்கள். கேபின் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துப்போனார்.

“பிளக் வந்துடுச்சில்ல? சாயங்காலத்துக்குள்ள பதினெட்டுக்கு இறங்கிடும். டிரெய்லர் வர்றப்போ டிஸ்ப்ளே சரியா காட்டும். பாய்கிட்ட டிஸ்ப்ளே ரிப்பேர், சரி பண்ணிட்டோம்னு சொல்லிடுங்க.”

“பெட்டிக்குள்ள ஒரு ரெக்கார்டர் இருக்கு சார். எப்ப கரண்ட் போச்சு, எவ்வளவு சூடாச்சுன்னு எல்லாம் அதுல பதிஞ்சிருக்கும். அந்தக் கரையில இறக்குறவங்க அதைப் படிப்பாங்க.”

“படிச்சா கப்பல்காரன் பதில் சொல்லட்டும்.”

“கப்பல்காரன் சொல்ல மாட்டான் சார். பாய்தான் சொல்லணும்.”

“மேடம், யோசிச்சுப் பேசுங்க. சொன்னா யார்டு பேரு கெடும். மொதல்ல மாரி வேலை போகும். அடுத்தது உங்க தினேஷ். உங்களுக்கு இது சம்மதமா?”

பிள்ளைகளே, நம் வேலையில் நெருக்கடி என்பது சர்வர் விழுவது இல்லை. சர்வர் விழுந்தால் தூக்கி நிறுத்தலாம். நெருக்கடி இதுதான். மாரி இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர். அவர் வேலை போவது எனக்குச் சம்மதமா? இல்லை. ஆனால் வெயிலில் நின்றுகொண்டிருக்கும் அந்த மனிதரிடம் நாமும் ஒரு பச்சைக் கட்டத்தைக் காட்டி அனுப்பினால், கேபினில் ஓடிய அந்த எக்ஸிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அதற்காவது தெரியாது. எனக்குத் தெரியும்.

மேனேஜரைத் தாண்டிப் பாயிடம் போனேன்.

“பாய், உங்க பெட்டி காலையிலேர்ந்து கரண்ட் இல்லாம நின்னிருக்கு. திரை காட்டினது பொய். தப்பு எங்க பக்கம்.”

பாய் மின்கம்பத்தின் கல்மேடையில் உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையால் முகத்தை மூடித் துடைத்தார். பின்னால் மாரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“சரக்கு கெட்டுப் போச்சா மேடம்?”

“தெரியாது பாய்.”

“தெரியாதுன்னா தெரிஞ்சிக்கலாம்ல? இன்னா பண்ணணும், சொல்லுங்க.”

பெட்டியை நிறுத்தி வைத்தோம். சாயங்காலக் கப்பல் போய்விட்டது. ரெக்கார்டரைப் படித்தோம். குளிர் மெதுவாகத்தான் போயிருந்தது. மறுநாள் சுங்க அதிகாரி முன்னிலையில் முத்திரையை உடைத்து, சரக்கைச் சோதிக்கும் சர்வேயர் அட்டைப்பெட்டிகளுக்குள் வெப்பமானிக் கம்பி செருகிப் பார்த்தார். கதவோரத்து வரிசை இளகியிருந்தது, அதைக் கழித்தார்கள். உள்ளே இருந்தது கல் மாதிரி இருந்தது. அவர் கையெழுத்துப் போட்ட அறிக்கையோடு பெட்டி அடுத்த கப்பலில் போனது. வாங்குபவர் முணுமுணுத்தார், ஆனால் அறிக்கையைப் படித்துவிட்டு எடுத்துக்கொண்டார். கரண்ட் போனதை மறைத்து அனுப்பியிருந்தால் அந்த ரெக்கார்டர் அங்கே பேசியிருக்கும், பாயின் கதை முடிந்திருக்கும்.

மாரியின் வேலை போகவில்லை. என் அறிக்கையில் ஃபைபருக்கு நான் எழுதிய கடிதங்களையும், எக்ஸிக்குள் டெமோ இருந்ததையும், மேனேஜர் அறையில் நாங்கள் எல்லாரும் கை தட்டியதையும் சேர்த்தே எழுதினேன். அதைப் படித்தவர்கள் மாரியை மட்டும் தூக்கி எறிய முடியவில்லை. அத்தனை காலம் தூங்கிய ஃபைபர் கோப்பில் அன்றைக்கே கையெழுத்து விழுந்தது. அதை நினைத்தால் அது வேறு தனியாக எரிகிறது.

தினேஷோடு நடந்த சண்டையைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

“கான்ஃபிக் இல்லாம அவர் ஏன் மேடம் காப்பி பண்ணாரு? கூடவே அதையும் வைக்கணும்னு டாக்குமென்ட்ல எழுதியிருக்கேனே.”

“ஒரே ஃபைல்னு ஊரெல்லாம் சொன்னது யாரு?”

“அது... ஒரே ஃபைல்தான் மேடம். பிளஸ் கான்ஃபிக்.”

“இல்லைன்னா ஓடாதுன்னு இருந்திருந்தா மாரி அன்னிக்கே எனக்குப் போன் பண்ணியிருப்பார். உன் புரோகிராம் அசிங்கப்படாம இருக்கணும்னு பார்த்தே. ஆள் ஏமாந்துட்டார்.”

அவன் உட்கார்ந்து மாற்றினான். அடுத்த பதிப்பில் டெமோவே கிடையாது. கான்ஃபிக் இல்லையென்றாலும், கம்பத்தோடு தொடர்பு அறுந்தாலும், திரை முழுக்கக் கறுப்பாகிவிடும். நடுவில் பெரிய எழுத்தில், தமிழில், இரண்டே வாக்கியம்: “எனக்குத் தெரியவில்லை. போய்ப் பாருங்கள்.”

யாருக்கும் அது பிடிக்கவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்த அன்று பார்த்துக் கேபின் திரை கறுத்துக்கொண்டது, மேனேஜருக்கு மானம் போனது. இதைக் கொஞ்சம் அழகாக்கக் கூடாதா, ஒரு சுழலும் வட்டமாவது போடக் கூடாதா என்று மாதம் ஒரு தடவை கேட்பார். நான் வேலையில் இருந்தவரை தொடவிடவில்லை. மாரி மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். திரை கறுத்தால் தொப்பியை மாட்டிக்கொண்டு வரிசைக்கு நடந்துவிடுவார். அவரும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்.

இப்போது போன வாரத்துப் போனுக்கு வருகிறேன். பேசியவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை, உங்களுக்குத் தெரியும். புதுக் கருவியில் மறுபடி கட்டியிருக்கிறீர்களாம். எக்ஸி சின்னதாகிவிட்டதாம், கண் இமைக்கும் நேரத்தில் கிளம்புகிறதாம். எல்லாம் நல்லது, மனசாரப் பாராட்டினேன். பிறகு சொன்னீர்கள்: “அந்தக் கறுப்புத் திரையை எடுத்துட்டோம் மேடம். பார்க்க ரொம்ப அசிங்கமா இருந்தது. இப்போ கனெக்ஷன் போனா கடைசியா வந்த நம்பரையே காட்டும். ஸ்மூத்தா இருக்கும்.”

கடைசியாக வந்த எண். நேற்றைய மைனஸ் பதினெட்டு, இன்றைக்கும் பச்சையாக. இதை எனக்கு நல்ல செய்தி போலச் சொன்னீர்கள். அப்போது ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தேன். சொன்னால் ரத்தக்கொதிப்பு மாத்திரை இரண்டாகும். நிதானமாக எழுதலாம் என்று இருந்தேன்.

ஆனால் இன்று காலை சம்சுதீன் பாய் போன் செய்தார். இப்போது அவருக்கு மாதா மாதம் பெட்டி போகிறது. ஒவ்வொரு முறையும் யார்டுக்கு வந்து, பெட்டி முன்னால் நின்று, எண் எரிகிறதா என்று தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். உங்களுக்கு அவர் ஒரு தொந்தரவு என்று கேள்விப்பட்டேன். இந்த வாரம் அவரால் வர முடியாது. அட்டைப்பெட்டியில் பெயர் இருக்கிறதே, அந்த மகளுக்குக் கல்யாணம். “நீங்க இப்ப அங்க இல்லன்னு தெரியும் மேடம். இருந்தாலும் உங்க புள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்கோ” என்றார்.

சொல்லிவிட்டேன். பெட்டி பி-நான்கில் நிற்கிறது. உங்கள் திரையில் அது பச்சையாக இருக்கும், அதை எனக்குச் சொல்ல வேண்டாம். எழுந்து போய் டிஸ்ப்ளேயைப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லுங்கள். குடை எடுத்துக்கொண்டு போங்கள், வெயில் அதிகம்.